ஈசிஆரில் பத்து மூட்டை உப்பு

பயந்துபோன மனிதன் கையில் பத்து மூட்டை உப்பு கிடைக்கக் கூடாது. கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மரக்காணத்தில் இன்றும் சாட்சிகள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் என் குடும்பத்திலேயே இருப்பதுதான் என் கஷ்டம்.

2005ஆம் வருடம். சுனாமி வந்துபோன பிறகு, கடலைப் பார்த்து ஊரே பயந்துகொண்டிருந்த நேரத்தில் நான் ரோட்டைப் பார்த்துப் பயந்தேன். என் மகள் கவிதா அப்போது ஆறாம் வகுப்பு. வீடு ஈசிஆருக்கு மேற்கே, பள்ளிக்கூடம் கிழக்கே. நடுவில், சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பறக்கும் கார்கள். (பாண்டிச்சேரி எங்கேயும் ஓடிப்போய்விடாது என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.)

பிப்ரவரியில் ஒரு காலை, ஒரு வேன் அவளுடைய புத்தகப் பையை உரசிக்கொண்டு போனது. அவள் ஓரமாக விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து, சிதறிய பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்த எனக்குத்தான் அரை மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

மறுநாளே ஒரு வேகத்தடை கேட்டு மனு எழுதிக்கொண்டு நெடுஞ்சாலைத் துறை ஆபீசுக்குப் போனேன்.

"இது மெயின் ரோடுங்க. மேலருந்து சாங்ஷன் வரணும்" என்றார் அங்கிருந்தவர்.

"வர்ற வரைக்கும்?"

"பாத்து கிராஸ் பண்ணச் சொல்லுங்க."

நான் அப்போது ஓர் உப்பளத்தில் மேஸ்திரி. அங்கே வேலை செய்த தனத்தின் பிள்ளைகள் இரண்டு பேரும் அதே பள்ளிக்கூடம்தான். ரோட்டுக்கு நாமே ஒரு தடை போட்டுவிடலாம் என்று அவளிடம் சொன்னேன்.

"எத வெச்சுங்க மேஸ்திரி?"

அளத்தில் வரப்பு உடைந்தால், கைக்கு எட்டுகிற மூட்டையைப் போட்டு அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. இருபது வருடப் பழக்கம். வேறெதுவும் என் புத்திக்கு எட்டவில்லை. போன பருவத்து மழையில் நனைந்து, விற்காமல் கிடந்த பத்து மூட்டையை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட நேரத்துக்கு முன்னால், ரோட்டின் குறுக்கே வரிசையாகப் படுக்கவைத்தோம். உப்புப் பாத்தியை மிதித்து இறுக்குவதுபோல மேலே ஏறி மிதித்துத் தட்டையாக்கினோம். எச்சரிக்கைக்கு ஒரு குச்சியில் சிவப்புத் துணி. (கொடியில் காய்ந்த என் மனைவி மல்லிகாவின் பாவாடை. கேட்டு எடுக்கவில்லை.)

முதலில் வந்த பஸ் வேகம் குறைத்து, ஏறி இறங்கிப் போனது. கவிதாவும் மற்ற பிள்ளைகளும் நிதானமாக ரோட்டைக் கடந்தார்கள். பத்து நிமிடம், தமிழ்நாட்டிலேயே தலைசிறந்த இன்ஜினியர் நான்தான்.

பிறகு ஒரு ஜல்லி லாரி வந்தது. அது குறைக்கவில்லை. மூட்டைகள் வெடித்து ரோடு வெள்ளையாகிவிட்டது. பின்னாலேயே மீன் கூடையோடு வந்த ஒருவரின் டிவிஎஸ் வண்டி வழுக்கி, அவர் கால் ஊன்றித் தப்பித்தார். அவர் விழுந்திருந்தால் இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு யோக்கியதை இருந்திருக்காது. என் பிள்ளைக்குப் பயந்து, வேறு யாரோ பெற்ற பிள்ளையைக் கீழே தள்ளப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மாடுகள் வந்தன. முதலில் இரண்டு. அவை போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் ஊர் மாடு முழுக்க ஈசிஆரில் பந்தி உட்கார்ந்து உப்பை நக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். நடுரோட்டில் நான், பாவாடையை வீசி மாடு விரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாடு நிதானமாக என் முழங்கையையும் நக்கிப் பார்த்தது.

"ஏம்பா, ரோட்ட உங்க ஊட்டு ஊறுகா ஜாடின்னு நெனச்சியா?" என்றார் ஒரு கார்காரர்.

போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"யாருய்யா இத போட்டது?"

"நான்தாங்க சார்."

"எதுக்கு?"

"வண்டிங்க நிக்கணும்னு."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "நின்னுடுச்சு. போதுமா?"

அந்த நேரம் பார்த்து, ஒரு கார் பொறுமையிழந்து ஓரமாகப் புகுந்து சீறியது. நான் அசையாமல் நின்றேன். பிப்ரவரியில் டீக்கடை பெஞ்சிலிருந்து எழ மறுத்த அதே கால், இப்போதும் நகரவில்லை.

பள்ளிக்கூட வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து கவிதா வெளியே வந்தாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், மறுபடி வலது பக்கம். ஓரமாக வந்த காரின் டிரைவரை நேராகப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவர் நிறுத்தும்வரை அவள் காலை எடுத்து வைக்கவில்லை. பிறகு மாடுகளை விலக்கிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ப்பா, வா. நடுவுல நிக்காத."

வேன் உரசிய நாளுக்குப் பிறகு தினமும் அவள் கையைப் பிடித்து நான்தான் ரோடு கடத்திவிட்டதாக நினைத்திருந்தேன். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். பார்த்து வந்ததெல்லாம் அவள்தான்.

இன்ஸ்பெக்டர் என்னையும் தனத்தையும் ரோட்டைக் கூட்டிக் கழுவ வைத்தார். மாடுகள் ஒரு வாரம் விடாமல் வந்து தேடின. அந்தத் தொல்லை தாங்காமலோ என்னவோ, அதே இடத்தில் போலீஸே இரண்டு தடுப்புகளைக் கொண்டுவந்து வைத்தது. வண்டிகள் வளைந்து, மெதுவாகப் போக ஆரம்பித்தன.

மல்லிகா கேட்டது ஒரே கேள்விதான். "கடலோரம் பூரா மணல் கெடக்குது. உங்களுக்கு உப்புதான் கெடச்சுதா?" பதினைந்து வருடத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கவிதா இப்போது சென்னையில் வேலை செய்கிறாள். ஆபீஸ் எதிரே ஆறு வழிச் சாலை. தினமும் காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு போன் வரும்.

"ப்பா, கிராஸ் பண்ணிட்டேன். மாடு எதுவும் இல்ல."

பக்கத்தில் மல்லிகா சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அதற்கப்புறம்தான் எனக்குக் காபி இறங்கும்.