லோண்ட்ரி அண்ணை பார்க்காத மட்ச்சுகள்

ரொறன்ரோவில் விளையாட்டின்மேல் லோண்ட்ரி அண்ணையைப் போலப் பைத்தியமாக இருந்த இன்னொரு மனிதரை நான் கண்டதில்லை. ஐஸ் ஹொக்கி, கூடைப்பந்து, பேஸ்போல், பூங்காவில் நடக்கும் பழைய மாணவர் சங்கக் கிரிக்கெட், கல்லூரிப் பிள்ளைகளின் கரப்பந்து என்று எல்லாமே அவருக்கு உயிர். சின்னக் குறை ஒன்றுதான். இதில் எதையுமே அவர் கண்ணால் பார்ப்பதில்லை.

அவர் பார்த்தால் அவருடைய அணி தோற்றுவிடும்.

இதைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். வோபர்ன் என்கிற பகுதியில் ஒரே பில்டிங்கில், ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவுகளில் குடியிருந்தோம். அவர் குடிவந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் என் வீட்டில் ஹொக்கி பார்க்க உட்கார்ந்தார். எங்கள் நகரத்து அணி முன்னுக்கு நின்றது. அண்ணை சோபாவில் சாய்ந்த கையோடு எதிரணி ஒரு கோல் போட்டது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார், இன்னொரு கோல். "மெசினில போட்ட உடுப்பைப் பாத்திட்டு வாறன்" என்று பேஸ்மென்றுக்கு இறங்கினார். உடனே எங்கள் ஆட்கள் ஒன்று போட்டார்கள். அவர் திரும்பி வந்து கதவைத் திறந்தார். எதிரணி போட்டது. அண்ணை வாசலில் நின்றபடி ரிவியையும் தன் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு விளங்கீட்டுது. நான் கீழ போறன்" என்றார்.

அன்றிலிருந்து மட்ச் நேரமென்றால் அவர் இருப்பது பேஸ்மென்ற் சலவை அறையில்தான். ‘லோண்ட்ரி’ என்ற பட்டப்பெயரும் அங்கேயிருந்துதான் வந்தது. சொந்தப் பெயர் என்ன என்று யாராவது கேட்டால் நான் இன்றைக்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதில் அவருக்குத் துளியும் மனவருத்தம் கிடையாது. பட்டாளத்துக்குப் போகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எலிவேற்றரில் ஏறுவார். ஆனால் கீழே போன பிறகு பதற்றத்தில் கை சும்மா இராது. ட்ரையரில் யாருடைய உடுப்பு ஆறிக் கிடந்தாலும் எடுத்து மடிக்கத் தொடங்கிவிடுவார். ஆட்டம் இறுக இறுக மடிப்பும் இறுகும். மேலதிக நேரத்துக்குப் போன ஒரு மட்ச் அன்று, எட்டாம் மாடி வெள்ளைக்கார அம்மாவின் காலுறைகள்கூட அயர்ன் பண்ணியது மாதிரி இருந்தனவாம். விசயம் மெல்லப் பரவியது. பில்டிங்கில் பாதிப் பேர் மட்ச் நாளாகப் பார்த்து உடுப்புத் தோய்க்கத் தொடங்கினார்கள்.

"வீட்டில ஒரு துவாய் மடிச்சுத் தரமாட்டார் இந்த மனுசன். ஊராற்றை உள்ளாடையெல்லாம் மடிக்கிறார்!" என்று அவருடைய மனைவி மனோ அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

நான் மார்க்கம் நகரத்தில் ஒரு கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை செய்கிறவன். எதற்கும் ஆதாரம் கேட்கிற ஆள் என்று என்னைப்பற்றி எனக்கே ஒரு பெருமை உண்டு. அப்பேர்ப்பட்ட நானே, கூடைப்பந்தில் எங்கள் அணி தடுமாறுகிற நேரம் அண்ணை ஏதாவது அலுவலாகக் கதவைத் தட்டினால், "அண்ணை, இண்டைக்கு உடுப்பொண்டும் தோய்க்கேல்லையோ?" என்று கேட்டுவிடுவேன்.

"ஓம் ஓம், கொஞ்சம் கிடக்குது" என்று அவரும் போய்விடுவார். எங்கள் அணி சம்பியனான அன்று சலவை அறையின் ஒற்றை யன்னலால் தெருவில் கார்களின் ஹோர்ன் சத்தம் கேட்டுத்தான் அவருக்கு விசயம் தெரிந்தது. மூச்சிரைக்க மேலே ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். தோளில் யாருடையதோ தலையணை உறை கிடந்தது.

மல்வேர்ன் பக்கத்துப் பூங்காவில் பழைய மாணவர் சங்கங்களின் கிரிக்கெட் நடக்கும். மட்டைகளையும் மட்டன் ரோல்ஸ் பெட்டியையும் இறக்கிவிட்டு, கொதிக்கிற கோடையில் தன் காருக்குள் ஏறி, வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் அண்ணை. எதிரணிக்காரர் கெட்டிக்காரர்கள். ஒரு தட்டில் கொத்துரொட்டியோடு வந்து, "ஏன் அண்ணை இந்த வெக்கைக்கை இருக்கிறியள்? எங்கடை கூடாரத்துக்கை வந்திருந்து பாருங்கோவன்" என்று உபசரிப்பார்கள். கெட்டித்தனத்தில் நாங்களும் குறைந்தவர்கள் இல்லை. "போங்கோ அண்ணை, போய் இண்டைக்கு ஒருக்கா அவங்களுக்குச் சப்போட் பண்ணுங்கோ" என்று ஒருநாள் தள்ளிவிடப் பார்த்தோம்.

அண்ணை மறுத்துவிட்டார். "சும்மா வாயால சொன்னால் வேலை செய்யாது தம்பி. மனசார விரும்போணும். போன வருசம் எல்பி அவுட் எண்டு எங்களை ஏமாத்தினவங்களை நான் எப்பிடி விரும்பிறது?"

இப்படி எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவருடைய ஒரே மகள் ஆரணி கல்லூரிக் கரப்பந்து அணியில் சேரும்வரை.

பயிற்சிக்கும் மட்ச்சுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான். பனி கொட்டினாலும் அதில் மாற்றமில்லை. மனோ அக்கா உள்ளே போய்ப் பார்ப்பார். அண்ணை பார்க்கிங்கில் காருக்குள் இருப்பார். ஆட்டம் முடிந்து வெளியே வருகிற மகளின் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு முடிவு தெரியும். வென்றிருந்தால் அடுத்த நாள் எலிவேற்றரில் ஏறுகிற எல்லோருக்கும், தமிழ் தெரியாதவர்களுக்குக்கூட, ஆரணியின் அடியைக் கையால் காட்டி விளக்குவார். காணாத அடியை இவ்வளவு அழகாகக் காட்ட அவரால் மட்டுமே முடியும்.

அவளுடைய படிப்பு முடிகிற வருடம் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அண்ணை என் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஆரணி வந்தாள்.

"அப்பா, சனிக்கிழமை நீங்கள் உள்ளுக்கு வாறீங்கள்."

"பிள்ளை, இது ஃபைனல் எல்லோ. விசப்பரீட்சை வேண்டாம்."

"எல்லாற்றை பேரன்ற்ஸும் இருப்பினம். அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் தனிய இருக்கிறா. நாலு வருசமா நான் ஸ்ராண்ட்ஸைப் பாக்கிறன், மை டாட் இஸ் நொட் தெயர். இதுதான் என்ரை லாஸ்ற் கேம் அப்பா."

"நான் வந்தால் நீங்கள் தோத்துப் போவியள்."

"தோத்தால் பரவாயில்லை. எனக்கு வெல்லவும் விருப்பம்தான். ஆனால் நீங்கள் பாக்காமல் வெண்டு என்ன செய்யிறது?"

அண்ணை உதவி கேட்பது போல என்னைப் பார்த்தார். வழக்கமான சலவைப் பகிடி என் வாயில் வரவில்லை. "நானும் வாறன் அண்ணை, போவம்" என்றேன்.

சனிக்கிழமை அவர் கோயிலுக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்தார். மனோ அக்காவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து, தன் சப்பாத்து நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தச் சொன்னேன். நிமிர்த்தினார், முதல் புள்ளி எதிரணிக்குப் போனது. முதல் செட்டும் போனது. இரண்டாவது செட்டிலும் பின்தங்கியபோது அண்ணை மெல்ல எழுந்தார்.

"நான் காருக்கை இருக்கிறன் தம்பி. பிள்ளை வெல்லட்டும்."

சேர்விஸ் போட ஆரணி கோட்டுக்குப் பின்னால் நின்றாள். நடுவர் விசில் ஊதிவிட்டார். அவள் பந்தைப் போடவில்லை. கையில் பிடித்தபடி எங்கள் பக்கத்தையே பார்த்தாள். அவளுடைய அணிக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா! இருங்கோ!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. நேரம் கடந்துவிட்டதென்று நடுவர் மறுபடி விசில் ஊதி, புள்ளியை எதிரணிக்குக் கொடுத்தார். அண்ணை புள்ளிப் பலகையில் மாறிய இலக்கத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எழும்பவில்லை. எழும்பாதது மட்டுமல்ல, கத்தவும் தொடங்கினார். "அடி பிள்ளை!" என்ற அவருடைய சத்தத்தைக் கேட்டு, முன்வரிசை வெள்ளைக்காரப் பெற்றோரும் அர்த்தம் தெரியாமல் "அடி பிள்ளை!" என்று கூடக் கத்தினார்கள். அந்தச் செட்டை எங்கள் பிள்ளைகள் வென்றார்கள். அண்ணை சந்தோசத்தில் என் தொடையைக் கிள்ளிய அடையாளம் ஒரு கிழமை முழுக்க இருந்தது.

ஆனால் கடைசிச் செட்டில், கடைசிப் புள்ளியில், ஆரணி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. தோற்றுவிட்டார்கள்.

வியர்வையோடு ஓடிவந்த மகளைப் பார்க்க முடியாமல் அண்ணை குற்றவாளி போல நின்றார். "என்னாலதான் பிள்ளை. நான் சொன்னனான் எல்லோ."

"அப்பா, வெளியில அடிச்சது நான். சும்மா என்ரை பிழைக்கும் நீங்கள் கிரெடிற் எடுக்காதேங்கோ" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ரெண்டாம் செட்டில பின்னால நிண்டு ஒண்டு அடிச்சனே, பாத்தனீங்களோ?"

"பாத்தன்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"நீ குதிக்கேக்கை உன்ரை பின்னல் எழும்பி அப்பிடியே மேல நிண்டது. அதையும் பாத்தன் பிள்ளை."

தோல்விக்கு அழாத பெண் அப்போதுதான் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். மனோ அக்கா கைப்பையில் கைலேஞ்சியைத் தேடினார். எனக்கும் ஒன்று தேவைப்பட்டது.

அந்தப் பில்டிங்கை விட்டு நாங்கள் எல்லோரும் வந்துவிட்டோம். இந்த நகரத்து அணிகள் வென்றதை எவ்வளவோ முறை பார்த்திருக்கிறேன், பெரிய பெரிய அரங்கங்களிலும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ பார்த்ததிலேயே நல்ல மட்ச் எது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது அந்தத் தோல்வியைத்தான். அன்றைக்கு அண்ணை என் பக்கத்தில் இருந்து பார்த்தார்.