பாச்சை உருண்டையும் ஞானஸ்நானமும்

மாதா கோயிலுக்குக் கிளம்பும்போதுதான் ஆரோக்கிய பிரகாஷ் அந்தச் செய்தியை செல்போனில் படித்தான். பீரோவில் போடும் பாச்சை உருண்டையில் இருப்பது நாப்தலீன்; அதன் நெடியால் சில பச்சிளங்குழந்தைகளுக்குக் காமாலை வரலாம் என்கிறது ஆராய்ச்சி. 'சில' என்ற சொல்லை அவன் கண் தாண்டிவிட்டது.

ஞானஸ்நானத்துக்குத் தயாராக, பீரோவிலிருந்து எடுத்த வெள்ளைக் கவுனில் கிடந்தாள் அவன் மகள்.

"செலின், கவுன கழட்டு!" என்றான் மனைவியிடம்.

"இன்னாத்துக்கு?"

"பாச்ச உருண்ட நாத்தம். பொண்ணுக்குக் காமால வந்துரும்."

கவுனைக் கொதிக்கும் தண்ணீரில் அலசினான். அது பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கியது. பக்கத்து வீட்டில் வேறொரு கவுன் இரவல் வாங்கி மோந்து பார்த்தான். அதே நெடி. கடைசியில் துவைத்த வெள்ளைத் துண்டில் மகளைச் சுற்றிக் கிளம்பினார்கள்.

கோயிலில்தான் உண்மையான ஆபத்து இருந்தது. விசேஷம் என்றால் ஊரே பீரோவைத் திறக்கும். அன்று இன்னும் மூன்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் என்பதால், நான்கு குடும்பத்துப் பட்டுப்புடவைகளும் ஒன்றாக மணந்தன.

"யக்கா, தள்ளி நில்லு," என்றான் ஏஞ்சல் மேரியிடம்.

"நான் ஞானத்தாய்டா! தள்ளி நின்னு புள்ளைய எப்பிடிப் புடிக்கறது? கொக்கி போட்டா?"

அவள் கோபித்துக்கொண்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்தாள். ஞானத்தாய் எங்கே என்று ஃபாதர் கேட்டார். பிரகாஷ் ஓடிப்போய்க் கெஞ்சி அழைத்து வந்தான். அதற்குள் செலின் கை காலி.

"பாப்பா எங்கடி?"

"ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சுறாங்க. வந்துரும், இரு."

பின்வரிசையில் ஒரு பட்டுப்புடவை மடியில் வெள்ளைத் துண்டு தெரிந்தது. அவன் கண்ணுக்கு முகம் மஞ்சளாகத் தெரிந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

"டேய்! டேய்!" என்று அந்த அம்மாள் கத்தினாள். காலையிலிருந்து எல்லோரும் அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். அவன் நிற்கவில்லை.

எதிரே சுகாதார நிலையம். நர்ஸ் சுவேதா மட்டும் டூட்டியில் இருந்தாள்.

"சிஸ்டர், காமாலையான்னு பாருங்க! நாப்தலீன்! ஆராய்ச்சியே சொல்லுது!"

சுவேதா துண்டை விலக்கினாள். கண்ணைப் பார்த்தாள். மூக்கை அழுத்திப் பார்த்தாள். நனைந்திருந்த துணியை மாற்றினாள். வெளியே கூட்டம் கத்திக்கொண்டு நெருங்கியது.

"சும்மா பயப்படாதீங்கண்ணே. பையன் ஜம்முனு இருக்கான்."