கட்டைவிரல் பரீட்சை

முதுகுவலி வந்தால் மனிதர்கள் முனகுவார்கள், படுப்பார்கள், மனைவி மேல் எரிந்து விழுவார்கள். வந்த வலியை எதிரே உட்காரவைத்து, நீ யாரப்பா, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரித்த ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் சிலிண்டரண்ணன்தான். சந்தேகம் இருப்பவர்கள் வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து எந்த வீட்டுக் கதவை வேண்டுமானாலும் தட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். காக்கிச் சட்டையில் தொங்கிய அட்டையில்கூட அது அச்சாகியிருந்தது. ஆனால் அந்த அட்டை எப்போதும் திரும்பியே தொங்கும், நாங்களும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. சமையல் கேஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றி மாடி மாடியாகக் கொண்டுவந்து இறக்குபவர், ஆகவே சிலிண்டரண்ணன். நாங்கள் மூன்றாவது மாடியில் இருந்தோம். என் மனைவி அவரை அண்ணே என்பாள், அவர் அவளை அக்கா என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை.

வலி வருவதற்கு முன்பே அவர் கேள்வி மன்னர். சிலிண்டரை இறக்கி, மூடியைக் கழற்றி, வாஷரைப் பார்த்து, சோப்புத் தண்ணீர் தடவிச் சோதிப்பதற்குள் அந்த வீட்டுச் சமையலைப் பற்றி ஒரு விசாரணையை முடித்துவிடுவார். புளிக்குழம்புக்கு வெந்தயத்தை முன்னால் போட்டீர்களா பின்னால் போட்டீர்களா என்பார். பதில் சொன்னால் ஏன் என்பார். என் மனைவி சமையலில் பல விஷயங்களை ஏன் செய்கிறோம் என்று யோசிக்க ஆரம்பித்ததே அவரால்தான். குழம்பு அதனால் கெட்டுப்போனது என்று நான் சொன்னால் வீட்டில் வம்பு.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு ஏறி வரும் வழியில், இரண்டாவது மாடித் திருப்பத்தில் சிலிண்டரோடு நிற்கும்போது, இடுப்பிலிருந்து கால் வரைக்கும் சுரீர் என்று ஒரு இழுப்பு இழுத்தது. வேறு யாராக இருந்தாலும் ஐயோ என்றிருப்பார்கள். இவர் சிலிண்டரைப் பையப் படியில் வைத்துவிட்டு, மேலே வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்து, "ஆகா, இது என்னக்கா புதுசா இருக்கு?" என்றாராம்.

அன்றிலிருந்து அவருக்கு அந்த வலி மேல் ஒரு தனி அக்கறை. சில நாள் கவனித்ததில் அது எப்போதும் ஒரே பாதையில் போவதைக் கண்டுபிடித்தார். பாதைக்குப் பெயர் வேண்டுமல்லவா, மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் டவுன் பஸ்ஸின் ஸ்டாப்புகளையே வைத்துவிட்டார். இடுப்புதான் பெரியார் பஸ் ஸ்டாண்டு. அங்கே கிளம்பி, புட்டத்தில் பழங்காநத்தம், தொடையில் பசுமலை, முழங்காலில் திருப்பரங்குன்றம், கெண்டைக்காலில் திருநகர், கடைசியாகக் கால் கட்டைவிரலில் திருமங்கலம். காலையில் கதவைத் திறந்ததும் அவர் சொல்லும் முதல் சேதி இதுவாகத்தான் இருக்கும். இன்றைக்கு வண்டி பசுமலையோடு நின்றுவிட்டது என்பார், அல்லது எங்கும் நிற்காமல் நேரே திருமங்கலம் போய்விட்டது என்பார். தெருவில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தால், அண்ணனுக்கு வலி எந்த ஸ்டாப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

வைத்தியம் சொல்ல நம் ஊரில் ஆள் பஞ்சமா? சொன்னதையெல்லாம் அவர் செய்துபார்த்தார். குணமாக வேண்டும் என்பதைவிட என்ன ஆகிறது என்று பார்ப்பதில்தான் ஆர்வம். உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் முதுகில் ஏறி மிதித்தே நரம்பை நேராக்கிவிடுவார் என்று கேள்விப்பட்டு, டவுன் பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்து, தனக்கு ஒரு மாற்றமும் இல்லை, மிதித்தவருக்குத்தான் கால் சுளுக்கிக்கொண்டது என்றார். எப்படிச் சுளுக்கியது என்று அந்த மனிதரிடமே அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்.

அடுத்து கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு எண்ணெய் வந்தது. பூண்டையும் பெருங்காயத்தையும் போட்டுக் காய்ச்சியது. அதைத் தடவிக்கொண்டு அவர் கீழ்வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததுதான் தாமதம், கேஸ் கசிகிறது என்று அந்த வீட்டு அம்மாள் கத்திவிட்டார். தெருவே வெளியில் வந்து நின்றது. ஒருத்தரும் சுவிட்சைத் தொடக் கூடாது என்று இவரே எல்லோரையும் விரட்டினார். சன்னல்களைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரில் சோப்புத் தண்ணீர் தடவி, டியூப் முழுக்கத் தடவி, குமிழி வருகிறதா என்று வலிக்கிற இடுப்போடு குனிந்து குனிந்து பார்த்தார். குமிழி வரவில்லை. வாசனை மட்டும் அவர் போகும் இடமெல்லாம் கூடவே போனது. கடைசியில் வாசலுக்கு வந்து தன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "லீக்கு நாந்தாம்மா" என்றார்.

இதற்குப் பிறகுதான் கீழ்வீட்டு அம்மாளின் வற்புறுத்தலால் அவர் நரம்பு டாக்டரிடம் போனார். அங்கே நடந்ததை அவரே எங்கள் கூடத்தில் நின்று நடித்துக் காட்டினார். முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் ஸ்கேன் படத்தில் காட்டினாராம். இவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தப்புப் பண்ணது இடுப்பு. அடி வாங்குறது கட்டைவிரலா? இது என்ன சார் நியாயம்?" என்று கேட்டார். அந்த நரம்பு இடுப்பில் கிளம்பிக் கட்டைவிரல் வரை போகிறது என்று டாக்டர் விளக்கினார். அப்படியானால் கட்டைவிரலை இழுத்தால் இடுப்பு வலிக்குமா என்றார் இவர். மேசை மேல் இருந்த டாக்டரின் டீ ஆறிப்போனது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர்.

"எம்புட்டு பாரம் சார்?"

"ஒரு குடம் தண்ணிகூட வேண்டாம்."

"சரி சார். காலி சிலிண்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாராம். பிறகு, இந்த ஆளை நிறுத்த முடியாது என்று தெரிந்து, ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்கு, இன்னொருவர் அதைக் கீழே அமுக்கட்டும். அமுக்கியும் விரல் நின்றால் நரம்பில் பலம் இருக்கிறது. என்றைக்கு விரல் கீழே போகிறதோ அன்றைக்கே ஓடி வர வேண்டும், நாள் கடத்தினால் பாதம் தொங்கிப்போய் ஆயுசுக்கும் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது அவர் நடிக்கவில்லை. வேலையை விட்டுவிடுங்கள் அண்ணே என்று என் மனைவி சொன்னாள். ஏஜென்சியில் சொன்னாலே தோளிலிருந்து சிலிண்டரை இறக்கிவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை என்றார். பிறகு, "சிலிண்டர் தூக்காதவன யாருக்கா சிலிண்டரண்ணேன்னு கூப்பிடுவா?" என்றார். எங்களுக்குத் தெரிந்து அவர் பதில் எதிர்பார்க்காமல் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

மறுநாள் முதல் எங்கள் தெருவில் கட்டைவிரல் பரீட்சை ஆரம்பமானது. சிலிண்டரை இறக்கி வைத்ததும், சிலிண்டர் இல்லாத நாளில் சும்மா ஏறி வந்தும், செருப்பைக் கழற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலின் கட்டைவிரலை விறைப்பாகத் தூக்கி, கொஞ்சம் அமுக்குங்கள் என்பார். சிக்கல் என்னவென்றால், ஒருவர் காலை இன்னொருவர் தொடுவது நம் ஊரில் லேசுப்பட்ட காரியமா? மூத்தவர் இளையவர் காலைத் தொட்டால் இளையவருக்கு ஆகாது. என் மனைவி விஷயத்திலோ யார் மூத்தவர் என்பதே முடிவாகவில்லை. ஆகவே அவள் பூரிக்கட்டையால் அமுக்கினாள். கீழ்வீட்டு அம்மாள் தோசைக்கரண்டியின் காம்பால் அமுக்கினார். முனைவீட்டு டெய்லர் பாய் ஒரு படி மேலே போய், இஞ்ச் டேப்பை வைத்து விரல் எவ்வளவு உயர்கிறது என்று அளக்கவே தொடங்கினார். ஒருநாள் லீவில் வீட்டில் இருந்தபோது நானும் சுருட்டிய செய்தித்தாளால் அமுக்கியிருக்கிறேன். எல்லா வீட்டிலும் பாஸ். பாஸ் என்று சொன்னதும் அந்த முகத்தில் வரும் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே, பத்தாம் வகுப்பு முடிவு வந்த வீடு மாதிரி இருக்கும். காலி சிலிண்டரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்.

இதற்கிடையில் அவருடைய வலது செருப்பு அடிக்கடி கழன்று விழ ஆரம்பித்தது. படியேறும்போது செருப்பு கீழ்ப்படியில் நிற்கும், அவர் மேல்படியில் நிற்பார். விடுவாரா? அவனியாபுரத்தில் செருப்பு வாங்கிய கடைக்கே போய், வாருக்கு என்ன ரப்பர் போட்டீர்கள், இடது செருப்பு விழவில்லையே, வலது மட்டும் ஏன் விழுகிறது என்று கேட்டுக் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தினார். கடைக்காரர் தொல்லை தாங்காமல் குதிகாலில் பட்டை வைத்த செருப்பு ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார். செருப்பு விழுவது நின்றது. செருப்பைப் பற்றி அத்தனை கேள்வி கேட்ட மனிதர் பாதத்தை ஒரு கேள்வி கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்போதுதான் எங்கள் எதிர்வீட்டு மாடிக்கு ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் குடிவந்தார். பள்ளியில் யாருக்கும் அரை மதிப்பெண் சும்மா போட்டதில்லை என்று பெயர் எடுத்தவர். முதல் சிலிண்டர் வந்த அன்று அண்ணன் வழக்கம்போல செருப்பைக் கழற்றினார். டீச்சர் என்ன ஏது என்று முழுவதும் கேட்டுக்கொண்டு, மர ஸ்கேலை எடுத்து வந்து, விரல் மேல் வைத்து அமுக்கினார்.

விரல் கீழே போய்விட்டது.

இன்னொரு தரம் அமுக்கச் சொன்னாராம் அண்ணன். இன்னொரு தரமும் போனது. அவர் பால்கனிக்கு வந்து எதிரே நின்ற என் மனைவியைக் கூப்பிட்டு, நேற்று எங்கள் மாடியில் பாஸ்தானே அக்கா என்று கேட்டார். குரலே மாறியிருந்தது. என் மனைவி கொடியில் கிடந்த துணியை எடுக்கத் திரும்பிக்கொண்டாள். கீழே தெருவில் நின்ற கீழ்வீட்டு அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யாருமே அமுக்கல, அப்படித்தானே?" என்றார். "பூரிக்கட்டைய விரல் மேல சும்மா வச்சு எடுத்துருக்கீங்க."

அதுதான் நடந்தது. ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொண்டு செய்ததல்ல. ஒவ்வொரு வீடும் தன் பாட்டுக்கு மெதுவாகத்தான் அமுக்கியிருக்கிறது. டெய்லர் பாய் இஞ்ச் டேப்பில் இல்லாத கோடுகளையெல்லாம் சேர்த்துப் படித்திருக்கிறார். பரீட்சை எழுதினவர் மேல் இருந்த பிரியத்தில் மொத்தத் தெருவும் சேர்ந்து அவர் காலைக் காவு கொடுக்கப் பார்த்தோம். இப்படி ஒரு தப்பை வேறு தெருக்காரர்கள் செய்திருக்க மாட்டார்கள்.

டீச்சர் பேச்சை வளர்க்கவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்றை நிறுத்தி, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு, டெய்லர் பாயைத் துணைக்கு ஏற்றி அனுப்பிவைத்தார். மறுநாள் காலையில் ஆபரேஷன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலுக்குப் பலம் திரும்பியே இருக்காது என்று டாக்டர் சொன்னதாகப் பாய் வந்து சொன்னார். அன்று எங்கள் தெருவில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விரல் உடனே எழவில்லை. மாதக் கணக்கில் பயிற்சி செய்து, அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுந்தது. பாரம் தூக்கும் வேலை அதோடு முடிந்தது. ஏஜென்சியில் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தார், அவர்களோ வீடு வீடாகப் போய் அடுப்பையும் டியூபையும் சோதிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். கேள்வி கேட்பதற்கே சம்பளம். புதிதாகச் சிலிண்டர் தூக்கி வரும் தம்பியை நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம். சிலிண்டரண்ணன் என்றால் எங்களுக்கு இன்றும் அவர் ஒருவர்தான்.

சோதனை வேலைக்காக முதல் தடவை எங்கள் தெருவுக்கு வந்தபோது அவர் வேறொரு விசாரணையையும் சேர்த்தே நடத்தினார். கோபமில்லை, வருத்தமில்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான். ஏன் மெதுவாக அமுக்கினீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். கீழ்வீட்டு அம்மாள் அடுப்பில் பால் இருந்தது என்றார். தினமுமா பால் இருந்தது என்றார் இவர். டெய்லர் பாய் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நழுவிவிட்டார். எங்கள் மாடிக்கு வந்து, டியூபைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே என் மனைவியிடமும் அதையே கேட்டார்.

அவள் சாக்குச் சொல்லவில்லை. "வெரலு கீழ போயிருச்சுன்னா அப்புறம் நீங்க வர மாட்டீங்களேண்ணே" என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. வேறு எதுவும் கேட்கவில்லை. சோதித்து முடித்த டியூபை இன்னொரு முறை முதலிலிருந்து சோதித்தார். பிறகு, "வாரேங்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் கூடத்தில்தான் இருந்தேன். என்னிடம் கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.