எக்காரணம் கொண்டும்

எழுதிவைத்த சாசனம் ஒன்றே அரசின் கையைக் கட்டிப்போடும் என்பது உலகறிந்த உண்மை. அத்தகைய சாசனத்துக்கு ஒஹையோவில் எங்கள் பிரட்டன் ஃபால்ஸ் நகரம் செய்யும் மரியாதையை வேறு எந்த ஊரும் செய்து நான் கண்டதில்லை. நூற்றுப்பத்து வயதான எங்கள் நகரச் சாசனம், குண்டு துளைக்காத கண்ணாடிப் பெட்டிக்குள், காற்றும் புகாமல், முதல் பக்கம் தெரிய விரிந்து கிடக்கிறது. பெட்டியின் சாவி, நகரச் செயலாளன் என்ற முறையில், என் கழுத்தில் தொங்குகிறது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

செவ்வாய்தோறும் நகரமன்றம் கூடியதும் எல்லோரும் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, அந்த முதல் பக்கத்தை வாசிப்போம். அது இப்படி முடியும்: "மேலும், இந்நகரமன்றம் எக்காரணம் கொண்டும்..." அத்தோடு பக்கம் தீர்ந்துவிடுகிறது. "ஆமென்" சொல்லி உட்கார்ந்துவிடுவோம். 'எக்காரணம் கொண்டும்' என்று பொறித்த காப்பிக் கோப்பை இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது.

இப்பேர்ப்பட்ட சாசனத்துக்கு ஒரு 'நினைவு மண்டபம்' வேண்டாமா? மண்டபம் என்றால் கார் நிறுத்த இடம் வேண்டாமா? அந்த இடத்தில்தான் லொரேட்டா பிங்க்லியின் டோனட் கடை இருந்தது. கீழே கடை, மேலே அவள் வீடு. இரண்டையும் இடிக்கத் தீர்மானம் வந்தது.

பொதுமக்கள் யாரும் மன்றத்தில் மூன்று நிமிடம் பேசலாம். இருபத்தோராவது வருடமாக மேயராக இருக்கும் கார்விஸ் டட்டில், முட்டை வேகவைக்க நேரம் பார்க்கிற மணியை மூன்று நிமிடத்துக்குத் திருகி மேசைமேல் வைத்தார். பிறகு லொரேட்டாவின் டோனட்டை இரண்டு நிமிடம் புகழ்ந்தார்.

"மிச்சத்தையாவது நான் பேசலாமா?" என்றாள் லொரேட்டா. "இந்த ஹால்ல ஒன்பது வருஷம் தூசி தட்டினவ நான். பெட்டி வர்றதுக்கு முன்னாடி அந்தப் புஸ்தகத்தையும் தட்டியிருக்கேன். பக்கத்தத் திருப்புங்க. ஊர் ஜனம் ஓட்டுப் போடாம யார் வீட்டையும் எடுக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கு."

மேயர் பதறிப்போனார். "சாசனத்தக் கையால தொட்டீங்களா?"

"தொடாம எப்படிய்யா தொடைக்கிறது?"

நகர வழக்கறிஞர் பிரைஸ் கனைத்துக்கொண்டார். "பெட்டியத் திறக்கச் சாசனம் இடங்குடுக்குதான்னு முதல்ல பாக்கணும்."

"பாருங்களேன்."

"பாக்கணும்னா பெட்டியத் திறக்கணுமேம்மா!"

"நூலகத்துல ஒரு நகல் இருந்துச்சே?"

இதற்குப் பதில் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அந்த நகலில் காப்பிக் கறை பட்டிருந்தது. கிழிந்த தேசியக் கொடியை எப்படி எரிப்போமோ அப்படியே, தொப்பியைக் கழற்றி, முழு மரியாதையோடு அதை எரித்தாயிற்று என்றேன். மன்றம் கைதட்டியது.

"அது கிடக்கட்டும். நாலாம் பக்கத்துல இன்னொண்ணு இருக்கு. மேயர் பதவி எட்டே வருஷந்தான்னு..."

மேயரின் முழங்கை பட்டதோ என்னவோ, மணி அடித்துவிட்டது.

"நேரமாயிருச்சு, லொரேட்டா. உங்க மேல எனக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? ஆனா விதின்னா விதிதானே!" என்றார் மேயர். தீர்மானம் ஐந்துக்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது.

திங்கள் காலை இடிக்கும் இயந்திரம் வந்தது. ஊரே கூடி மூக்கைச் சிந்தியது. ஆளுக்கொரு 'எக்காரணம் கொண்டும்' கோப்பையோடு வந்திருந்தார்கள். லொரேட்டா எல்லோருக்கும் கடைசி ஈடு டோனட்டைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்ததும் நின்றாள். மேல்மாடியின் பச்சை ஜன்னல் அப்போதுதான் பெயர்ந்து விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஹெர்மன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பெட்டிக்குள்ள வெக்கறதுக்கு முன்னாடி நீ அதப் படிச்சியா?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. டோனட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

படிக்காமலா? எந்தப் பக்கத்தை விரித்துவைக்கலாம் என்று மேயர் அன்று என்னைத்தானே கேட்டார்! முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூன்று நாள் கவனமாகப் படித்தேன். அரசின் கையைக் கட்டிப்போடாத பக்கம் அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதைத்தான் விரித்துவைத்துப் பூட்டினேன்.