கீழ்க்கரையில் மனித வாசம் இல்லை

சேசு மரி சூசை துணை

எலிமெண்டரிப் பள்ளிக்கூடம்,
நான்காம் வகுப்பு அறை,
கண்மாய்க்கரை, கீரனூர் வழி.
11-12-1961

மகா கனம் பொருந்திய அத்தான் மைக்கேல்சாமி அவர்கள் சமூகத்துக்கு மைத்துனன் அடைக்கலராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் சம்சாரம் ஞானசெல்வியும் நான்கு கோழிகளும் சர்வேசுரன் தயவால் உயிரோடு இருக்கிறோம். திருச்சியில் தாங்களும் அக்கா ஜெபமாலையம்மாளும் பிள்ளைகளும் கூரைக்கு அடியில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே கண்ட விலாசத்தைப் பார்த்து எனக்கு வாத்தியார் வேலை கிடைத்துவிட்டதாக அக்கா சந்தோஷப்பட வேண்டாம். வீடு போய்விட்டது, செங்கல் சூளையும் போய்விட்டது. வெள்ளத்தில் வந்தவர்களுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருக்கிறார்கள்.

தங்களிடம் ஓர் உதவி கேட்கவே இதை எழுதுகிறேன். அது எனக்காக அல்ல, சூளையில் நெருப்புப் பார்த்த இருளாண்டிக்காக. போன ஈஸ்டருக்குத் தாங்கள் வந்தபோது கீரனூர் பஸ் நிற்கும் இடத்திலிருந்து தங்கள் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தானே, அவன். அவன் இறந்துபோனான். இறந்தது ஊருக்கே தெரியும். அவன் குடியிருந்ததற்குத்தான் அத்தாட்சி இல்லை. அந்த அத்தாட்சியைத் தாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறு யார் பேரில் என்று தேடித் தாங்கள் சிரமப்பட வேண்டாம். எல்லாவற்றிலும் கையெழுத்து இருக்கிறது.

கண்மாயின் கீழ்க்கரைக்கு அடியில் என் வீடு, அடுத்தது சேவுகன் வீடு, இரண்டுக்கும் நடுவே வேலியின் மேலேயே கால் ஊன்றி நின்ற சூளைக் கொட்டகை, அதில் இருளாண்டியும் அவன் பெண்சாதி செவந்தியும் என்பது தங்களுக்குத் தெரியும். அப்பா காலத்திலிருந்து கண்மாய் மண்ணில் கல் அறுத்துச் சுட்டு விற்கிறோம். சமஸ்தானம் இருந்தவரை எங்களைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. பஞ்சாயத்து வந்து வீட்டுவரி போட்ட பிறகு எழுதாத நாள் இல்லை. சேவுகனுக்கு என் சூளைப் புகை ஆகாது. அவர் பெண்சாதி அழகி காயப்போட்ட வேட்டி சேலையெல்லாம் கரியாகிறது என்று வேலிக்கு அங்கிட்டு நின்றுகொண்டு, “வேதக்காரவுகளுக்குச் சாம்பல் புதன் வருசத்துக்கு ஒரு நாளுன்னாக. இங்கன நித்தமும் நடக்குது” என்பாள். குடியிருக்கும் வீட்டுக்கு நூறு கெஜத்துக்குள் சூளை இருக்கக்கூடாது என்று ஒரு விதியைக் கண்டுபிடித்துச் சேவுகன் மனுக் கொடுத்தார். நானும் விதிகளைப் படித்தவன். சேவுகன் வீடு குடியிருக்கும் வீடே அல்ல, வைக்கோல் போடும் கொட்டகை என்று பதில் மனுக் கொடுத்தேன். சேவுகன் சண்டைக்குத்தான் கிளம்பினார். ஆனால் வைக்கோல் கொட்டகைக்கு வரி கிடையாது என்று பஞ்சாயத்து கிளார்க் கண்ணுசாமி சொன்னதும் கோபத்தை அடக்கிக்கொண்டு, அது வைக்கோல் கொட்டகைதான், அதில் யாரும் வசிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஐந்து பேர் கொண்ட அந்தக் குடும்பம் வரியில்லாமல் வைக்கோலாக வாழ்ந்தது.

சூளை மட்டும் எரிந்துகொண்டிருந்தால் அவருக்குப் பொறுக்குமா? என் வீடு வீடல்ல, சூளையின் ஆபீஸ், அதற்கு வியாபார வரி போட வேண்டும் என்று அடுத்த மனு. நான் அது ஆபீசும் அல்ல, பச்சைக் கல் உலர்த்தும் இடம் என்று எழுதினேன். கண்ணுசாமி நேரில் விசாரிக்க வந்தார். என் கட்டிலில் உட்கார்ந்து, “தங்கச்சி, காப்பிக்கு இன்னுங் கொஞ்சம் சீனி போடுங்க” என்று ஞானசெல்வியிடம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, ‘மனித வாசம் இல்லை’ என்று ரிஜிஸ்டரில் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். “அந்த நடுக் கொட்டாய் யாருதுங்க?” என்றார். வரி விழுமே என்று பயந்து, அது சேவுகனுடையது என்று எழுதிக் கொடுத்தேன். சேவுகன் அதை என் தலையில் தள்ளி, வாயால் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். நான் படித்தவன், எழுதிக் கொடுத்துவிட்டேன். இருளாண்டியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த மழையில் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்கு தாங்காமல் தண்ணீர் கரையின் விளிம்புக்கு வந்துவிட்டது. எங்காவது ஓரிடத்தில் கரையை வெட்டிவிடாவிட்டால் ஊரே போய்விடும் என்று மராமத்து ஓவர்சியர் குடையோடு வந்தார். கரைமேல் ஊர் முழுக்க நின்றது. மேற்கே கடைத்தெரு, வடக்கே சேரி, தெற்கே கோயில்.

“கெழக்க யாரும் குடியிருக்காகளா?” என்றார்.

கண்ணுசாமி ரிஜிஸ்டரைக் குடைக்குள் வைத்துப் புரட்டி, “ரிக்கார்டுப்படி யாரும் இல்லைங்க” என்றார்.

“ஐயா, நான் இருக்கேன்” என்றேன்.

“நானும் இருக்கேங்க, எம் பெண்டு பிள்ளையெல்லாம் இருக்குதுங்க” என்றார் சேவுகன்.

ஓவர்சியர் ரிஜிஸ்டரை எங்கள் பக்கம் திருப்பினார். “இது ஒங்க கையெழுத்தா, இல்லையா?”

“எங்களதுதாங்க.”

“அப்ப ஏங்க நேரத்தைப் போக்குறீங்க? ஒரு மணி நேரம் தாரேன். சாமான் இருந்தா எடுத்துக்கங்க.”

அவர் பேரில் எனக்கு வருத்தமில்லை. ஆள் இல்லாத இடத்தைத்தான் வெட்டினார். ஓடினோம். ஞானசெல்வி கோழிகளையும் தேவமாதா சுரூபத்தையும் எடுத்தாள். நான் மனுக் கட்டை எடுத்தேன். சேவுகன் மாடுகளை அவிழ்த்தார். செவந்தி மேற்கே நடவுக்குப் போயிருந்தாள். இருளாண்டி காய்ச்சலோடு கொட்டகையில் போர்த்திப் படுத்திருந்தான். கொட்டகை சேவுகனுடையது, அவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். கொட்டகை என்னுடையது, நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்தார். மூன்றாம் நாள் கருவேலங்காட்டில் கிடைத்தான். நானும் சேவுகனும்தான் தூக்கினோம்.

வெள்ளத்தில் குடியிருப்போடு போனவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு என்றார்கள். சாவைப் பதியச் செவந்தியை மணியக்காரரிடம் கூட்டிப்போனோம்.

“எங்கன குடியிருந்தான்?”

“சூளைக் கொட்டாய்லங்க.”

“கீழ்க்கரையில ஆளே இல்லைன்னு பைசலாயிருச்சே ஆத்தா. வழிப்போக்கன்னு வேணா எழுதிக்கிறேன். வழிப்போக்கனுக்குப் பணம் வராது.”

“ஆளு இல்லைன்னா, பதினோரு வருசம் அந்தக் கொட்டாய்ல நான் யாருக்குங்க ஆக்கிப் போட்டேன்?” என்றாள் செவந்தி.

மணியக்காரர் பேனாவை மூடிவிட்டார். கடைசியில், வெளியூரில் இருக்கும் சர்க்கார் உத்தியோகஸ்தர் யாராவது கண்ணால் பார்த்ததாக எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்பலாம் என்றார். எனக்குத் தெரிந்த சர்க்கார் உத்தியோகஸ்தர் தாங்கள் ஒருவர்தான். ஈஸ்டருக்கு மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கியதையும், சேவுகன் வீட்டில் ஐந்து பேர் வசித்ததையும், கொட்டகையில் இருளாண்டியும் செவந்தியும் குடியிருந்ததையும் பார்த்தபடி எழுதி அனுப்பினால் போதும். எனக்கும் சேவுகனுக்கும் இப்போது ஒரு வருத்தமும் இல்லை. ஒரே அறையில் இரண்டு பெஞ்சில் படுக்கிறோம். அழகியும் ஞானசெல்வியும் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். புகையைப் பற்றிப் பேச்சே இல்லை. “அடைக்கலம் அண்ணே, அந்தப் பயலுக்கு நாம ரெண்டு பேரும்தான் எமன்” என்று சேவுகன் நேற்று அழுதார். நானும் அழுதேன். ஒரே மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். இருளாண்டி விஷயம் முடிகிறவரை எனக்கு வேறு விஷயம் இல்லை.

அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளைகள் மூவருக்கும் ஞானசெல்வியின் ஆசீர். குழந்தை யேசுவின் பிறந்த நாளுக்கு எங்களால் ஒன்றும் அனுப்ப இயலாது. எங்களை நினைத்து ஒரு பூசைக்குப் போகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்
ச. அடைக்கலராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் சமயம் கண்ணுசாமி வந்தார். மேட்டுத்தெருவில் மனை தரப்போகிறார்களாம். ஆள் குடியிருந்ததாக ருசுவாகும் கட்டடம் ஒன்றுக்கு ஒரு மனை, கட்டடம் யாருடையதோ அவருக்கு. கொட்டகையில் இருளாண்டி குடியிருந்தது ருசுவானால் அதற்கும் ஒரு மனை உண்டு. கொட்டகை சேவுகனுடையது என்று என் கையெழுத்தே இருக்கிறது. அவருக்கு இரண்டு மனை, எனக்கு ஒன்று. நேற்று அவர் அழுத அழுகை இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ஆகையால் தங்கள் கடிதத்தில் என் வீட்டை மட்டும் எழுதவும். கொட்டகையைப் பற்றியும் இருளாண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தையும் வேண்டாம். கடிதம் எப்போது போகும் என்று கேட்டுச் செவந்தி காலையிலிருந்து வாசலில் நிற்கிறாள். தபாலாபீசுக்கு அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மழை படாமல் மடியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள்.