பரஸ்காவின் கையெழுத்தும் என் நிலத்துக் காட்டு ஓட்ஸும்

சஸ்காட்செவன்,
1924, தவக்காலத்து முதல் வாரம்

அன்புத் தங்கை வர்வாராவுக்கு,

ஆல்பர்ட்டாவில் நீயும் உன் வீட்டுக்காரரும் மாடு கன்றும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாதாவின் படத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகு உன் அக்கா டோக்கியா எழுதுவது. என் கல்யாணத்தன்று நீ இரவல் வாங்கிய பவளமாலை இன்னும் உன் கழுத்தில்தான் இருக்கிறது என்பதை நான் இப்போது பேசப் போவதில்லை. அதைவிடப் பெரிய சேதி இருக்கிறது. சந்தோஷத்தில் எனக்கு எழுத்துக்கூட ஒழுங்காக வரவில்லை.

எங்கள் ரயிலடியில் இருக்கிறதே அந்தக் கம்பெனிக் கோதுமைக் கிடங்கு, அதன் ஏஜென்ட் பிக்ஃபோர்டைப் பற்றி உனக்கு எத்தனை தடவை எழுதியிருப்பேன். வருஷா வருஷம் அறுப்பு முடிந்து வண்டியைத் தராசில் ஏற்றினால் ஒரு பிடி கோதுமையை உள்ளங்கையில் எடுத்து உஃப் என்று ஊதுவான். "காட்டு ஓட்ஸ் கலந்திருக்கு பாட்டி. கழிவு போக மூணாம் தரம்தான்" என்பான். விற்காமல் திரும்பினால் வீட்டில் கொட்ட இடமில்லை. அவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தால், பனி உருகும்போது அதே கோதுமை இரண்டு பங்கு விலைக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டு வயிறெரிவோம். இப்போது குடியானவர்கள் எல்லாரும் சேர்ந்து சொந்தமாகச் சங்கம் வைக்கிறார்கள் வர்வாரா! எல்லார் கோதுமையும் ஒன்றாகச் சேரும், சங்கமே கப்பலேற்றி விற்கும், வந்த பணத்தை எல்லாருக்கும் ஒரே விலையாகப் பிரிக்கும். கையெழுத்துப் போட்டவன் ஐந்து வருஷத்துக்கு ஒரு மணியைக்கூட வெளியே விற்கக் கூடாது. எங்கள் ரயிலடியைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதி சேர்ந்தால் இங்கேயே சங்கக் கிடங்கு கட்டுவார்கள். கையெழுத்துக் காகிதம் வாங்க வந்த சங்கத்து ஆள் திங்கட்கிழமை ரயிலுக்குப் போவதாக இருந்தார், மற்ற எல்லாரும் போட்டும் பாதிக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சம் யார் நிலம்? விதவை பரஸ்காவின் நிலம்.

எந்தப் பரஸ்கா என்று கேட்காதே. நாம் மண்குழி தோண்டிக் குடியிருந்த முதல் வருஷம், பழைய ஊர் புக்கோவினாவிலிருந்து மெத்தைக்குள் தைத்து நான் கொண்டுவந்த விதைக் கோதுமையில் ஒரு பானை கடன் வாங்கி, அடுத்த வருஷம் காட்டு ஓட்ஸைக் கலந்து திருப்பிக் கொடுத்தாளே, அவள்தான். அன்றைக்கு என் நிலத்தில் இறங்கிய அந்தக் களைச் சனியன் இன்றுவரை போகவில்லை. பிக்ஃபோர்ட் ஊதும்போதெல்லாம் பறப்பது அவள் பானைதான்.

சனிக்கிழமை என் மகன் மானோலி கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மா, நீ அவ வீட்டுக்குப் போகாத. நீ போனா போட்டவங்களும் வந்து அழிச்சிட்டுப் போயிடுவாங்க."

நான் போகவில்லை. அடுத்த நாள் மன்னிப்பு ஞாயிறு. தவக்காலம் தொடங்குமுன் ஊரில் எல்லாரும் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும், கேட்டவரை மன்னித்தே ஆகவேண்டும். யார் என்ன செய்ய முடியும்! பூசை முடிந்ததும் கோயில் வாசல் பனியில் நேரே அவளிடம் போய்க் குனிந்தேன்.

"மன்னிச்சிடு பரஸ்கா."

அவள் என் சால்வையிலிருந்து எட்டிப் பார்த்த சங்கத்துக் காகிதத்தைப் பார்த்துவிட்டாள். "எதுக்குடி மன்னிக்கணும்? என்னைக் களவாணின்னு ஊரெல்லாம் சொன்னதுக்கா, எம்பொண்ணு கல்யாணத்துல பாதிப் பந்தியில எழுந்து போனதுக்கா?"

"கொழுக்கட்டைக்குள்ள கெழங்கு வேகலை, எழுந்தேன்."

"அம்மா!" என்று மானோலி பல்லைக் கடித்தான்.

"சரி டோக்கியா," என்றாள் அவள், ஊரே கேட்கும்படி. "அந்த ஓட்ஸு எம்பானையிலேர்ந்து வரலைன்னு இத்தனை பேர் முன்னாடி சொல்லு. இப்பவே போடறேன் கையெழுத்து."

பாதிரியார்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு பக்கம் அவள் மூஞ்சி. இன்னொரு பக்கம் பிக்ஃபோர்ட் உள்ளங்கையை ஊதுகிற மூஞ்சி. எந்த மூஞ்சியைத் தாங்குவது?

"காத்துல வந்துச்சு," என்றேன்.

"எந்தக் காத்துல?"

"வடக்குக் காத்துல."

"ஏய், என் வீடு உனக்கு வடக்கேதான்டி இருக்கு!"

"சரி, மேக்காலக் காத்து. போதுமா?"

ஊரே சிரித்தது. "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிச்சேன்" என்று பரஸ்கா சொல்லிவிட்டு, மானோலியைக் குனியச் சொல்லி அவன் முதுகிலேயே காகிதத்தை வைத்து, எழுதத் தெரியாததால் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் கோடு கிழித்தாள். மூன்று முறை முத்தமும் கொடுத்துக்கொண்டோம். பூண்டு வாசனை இன்னும் போகவில்லை, போகட்டும், நாம் ஜெயித்தோம்! சங்கத்து ஆள் நிலத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தூக்கி ஆட்டினார். சேதி தெரிந்ததும் பிக்ஃபோர்ட் கிடங்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டான். பரஸ்காவும் மனுஷிதான் என்று எனக்கே தோன்றிவிட்டது, பார்த்துக்கொள்.

உன் பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் வயலில் ஆலங்கட்டி விழாமல் ஆண்டவர் கையை விரித்துப் பிடிக்கட்டும்.

உன் அக்கா,
டோக்கியா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மானோலி சங்கக் கூட்டத்திலிருந்து வந்தான். எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். பரஸ்கா. புதுக் கிடங்கில் யார் வண்டியில் எவ்வளவு கழிவு என்று தகராறு வந்தால் இனி அவள்தான் ஊதிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாளாம்! மேலே மன்னிப்பு என்று எழுதிய இடத்தையெல்லாம் நீயே மையால் அடித்துவிடு. ஓட்ஸ் அவள் பானையிலிருந்துதான் வந்தது. என் கையெழுத்தைத் திரும்ப வாங்கலாமா என்று கேட்டேன், ஐந்து வருஷத்துக்கு முடியாதாம். அவள் பேரை முதலில் எழுந்து நின்று சொன்னது யார் தெரியுமா? மானோலி. அவனோடு இன்றுமுதல் எனக்குப் பேச்சு இல்லை, அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட நானே பனியில் நடந்து போகிறேன்.