மழைக் காட்சி பாக்கி

விளிம்புநிலை மக்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே தேடிப் போய்ச் சேவை செய்ய இந்த உலகத்தில் இரண்டு உயிர்கள்தான் உண்டு. ஒன்று கொசு. இன்னொன்று சுயாதீன ஆவணப்பட இயக்குநர். கொசுவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆகவே நான் என்னைப் பற்றி எழுதுகிறேன்.

சுயாதீனம் என்றால் யாரையும் சாராமல் இருப்பது. வாடகை, சாப்பாடு, கேமராத் தவணை போன்ற சில்லறை விஷயங்களுக்கு மட்டும் நான் மனைவியைச் சார்ந்திருக்கிறேன். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வலியோடு வருகிறவர்களைப் பொறுமையாக உட்காரவைத்துப் பழகியவள் என்பதால் என்னையும் வீட்டில் உட்காரவைத்திருக்கிறாள்.

என் படம் மேம்பாலத்துக்குக் கீழே, ஒரு தூணை ஒட்டிக் குடியிருக்கும் ஓர் அக்காவைப் பற்றியது. பாலத்துக்குக் கீழே இருந்த அத்தனை பேரிலும் அவரைத் தேர்ந்தெடுத்தது ஆழ்ந்த சமூக ஆய்வுக்குப் பிறகுதான். அதாவது, அவர் முகத்தில்தான் வெளிச்சம் ஒழுங்காக விழுகிறது என்று ஒளிப்பதிவாளர் சான்றளித்தார்.

எல்லாம் எடுத்தாகிவிட்டது. மழைக் காட்சி மட்டும் பாக்கி. தண்ணீர் புகுந்து படுக்கை நனைய வேண்டும். அக்கா அதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். காய்ந்த வறுமையைத் திரைப்பட விழாக்களில் யாரும் சீண்டுவதில்லை.

இந்த முக்கியமான கட்டத்தில்தான் அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பக்கத்துத் தெருப் பெண்கள் விடுதியில் கழுவித் துடைக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். தங்க ஓர் அறையும் தருகிறார்களாம். திங்கட்கிழமை வந்துவிட வேண்டுமாம்.

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்கு தம்பி. போட்டுப் பாத்துட்டேன்," என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வரியைச் சொல்லும்போது கேமரா ஓடாமல் போனால் எந்தக் கலைஞனுக்குத்தான் தாங்கும்?

உடனே எங்கள் வேனுக்குள் அவசரக் கூட்டம் கூடியது. பொருள்: 'கதாபாத்திரத்தின் எதிர்பாராத முன்னேற்றம்'. பக்கத்தில் கார் கழுவும் இடத்திலிருந்து ரப்பர் குழாயை இழுத்தால் ஒரு மணி நேரத்தில் மழையை முடித்துவிடலாம் என்றார் ஒளிப்பதிவாளர். நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். ஆவணப்படத்தில் செயற்கை மழையா? அறம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? இயற்கை மழைதான் என்று கூட்டம் ஏகமனதாக, அதாவது என் மனதாக, தீர்மானித்தது.

மழை வரும்வரை அங்கேயே இருக்கும்படி அக்காவிடம் சொன்னேன். அவரிடமும் ஒரு யோசனை இருந்தது.

"நான் ரூமுக்குப் போயிடறேன் தம்பி. மழை வந்தா ஒரு போன் போடுங்க. ஓடியாந்து இங்க உக்காந்துக்கறேன்."

"அது நடிப்பாயிடும்க்கா."

"நனையறது நெசந்தானே?"

"நனையறது நெசம். ஆனா போறதுக்கு ரூம் இருக்குன்னு உங்க மூஞ்சியில தெரிஞ்சிரும்."

அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு துளி மேகமில்லை. மழை வரும்வரை அறையை வைத்திருக்கும்படி விடுதியில் நான் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். தாராளமாகப் போய்ச் சொன்னேன். உண்மைக்கும் கலைக்கும் உள்ள உறவை விடுதிப் பொறுப்பாளருக்கு விரிவாக விளக்கினேன். "திங்கக்கெழமை கக்கூஸ் கழுவ எனக்கு ஆள் வேணும்," என்றார் அந்த அம்மாள். ரசனையில்லாதவரோடு வாதாடி என்ன பயன் என்று திரும்பிவிட்டேன். அக்காவிடம், "பேசிட்டேன்க்கா," என்றேன். பேசியது உண்மைதானே. நான் பொய் சொல்பவனல்ல.

அக்கா ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டிருந்தார். ஏற்கெனவே எடுத்த காட்சிகளோடு தொடர்ச்சி கெட்டுவிடும் என்பதால் அதை அவிழ்த்து, பாத்திரங்களைப் பழையபடி பரப்பச் சொன்னோம். முகம் சுளிக்காமல் பரப்பினார். இவ்வளவு தூரம் வந்திருக்கிறோமே என்று எங்கள்மேல் அவருக்கு இரக்கம்.

திங்கட்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. மழை வந்தது அதற்கும் அடுத்த வாரம். வந்தாலும் வந்தது, கொட்டித் தீர்த்தது. நனைந்த படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அக்கா விடுதி இருக்கும் திசையையே பார்த்தபடி நின்றார். அந்த அறைக்கு வேறொருத்தி வந்துவிட்டாள் என்று அன்று மத்தியானம்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. ரப்பர் குழாயை நம்பியிருந்தால் அப்படி ஒரு முகம் கிடைத்திருக்குமா?

படம் விழாவுக்குத் தேர்வானது. அக்காவையும் கூட்டிப் போயிருந்தோம். குளிரூட்டிய அரங்கில் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு பெண்மணி எழுந்து, இவரை அங்கிருந்து வெளியேற விடாமல் தடுப்பது எது என்று தழுதழுத்த குரலில் கேட்டார். நான் அதிகாரக் கட்டமைப்பில் ஆரம்பித்து, நுகர்வியம் வழியாக, பார்வையாளரின் குற்றவுணர்வில் கொண்டுபோய் முடித்தேன். மரியாதைக்காக மைக்கை அக்காவிடமும் கொடுத்தார்கள்.

"தம்பி சொன்ன ஆளுங்கள எனக்குத் தெரியாதுங்க," என்றார் அக்கா. "எனக்கு ரூம் கெடச்சுது. மழை வர்ற வரைக்கும் இருங்கன்னு தம்பி சொன்னாரு. அதான் இருந்துட்டேன்."

அரங்கம் அதிரக் கைதட்டியது. எளிய மக்களின் பேச்சில்தான் எவ்வளவு ஆழமான படிமம் என்று நடுவர் குழுத் தலைவர் பக்கத்து நாற்காலியிடம் வியந்தார். அக்கா மைக்கை விடவில்லை. வேறெங்காவது தாழ்ப்பாள் வைத்த அறை கிடைக்குமா, இங்கே யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டது என்று பணிவோடு மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு தலைவர் விருதுக் குறிப்பை வாசித்தார்: "கதவு திறந்திருந்தும் இந்தப் பெண்ணை உள்ளே போகவிடாமல் தெருவில் நிறுத்திவைத்திருப்பது யார் என்பதை இந்த விழா அடையாளம் கண்டு கௌரவிக்கிறது."

வாசித்துவிட்டு என் பெயரைச் சொல்லி அழைத்தார். ஆள் மாறவில்லை. எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.